பகலில் ஆளில்லாத தெரு

மொன்றியல் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் பியர்பொன்ட்ஸுக்கு வீடு மாறுகிறோம் என்று யோகராணி சொன்னதும் கோட் டெ நேஜ் கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் “உமக்கென்னப்பா” என்றார்கள். அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பங்கள் இருந்தன. குளிக்க முறை, சமைக்க முறை. யாராவது தனியாக அழ வேண்டுமென்றால் குளியலறை காலியாகும்வரை பொறுக்க வேண்டும். அப்படி இருந்தவளுக்கு இப்போது தனி வீடு, முன்னால் புல்தரை, பின்னால் மேப்பிள் மரம், கீழே பேஸ்மென்ட். அகதியாக வந்து இறங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எண்பத்தேழாம் ஆண்டு இலையுதிர் காலம் அது.

வீடு அவர்களுடையது அல்ல. யோகராணியின் கணவன் பேரின்பநாதனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அரியரத்தினம். எழுபதுகளின் தொடக்கத்திலேயே வந்துவிட்ட எஞ்சினியர். வேலை ரொறன்ரோவுக்கு மாறியபோது அவர் குடும்பத்தோடு போய்விட்டார். வீடு மட்டும் விலைப்படாமல் கிடந்தது.

“ஆளில்லாமல் கிடந்தால் குளிருக்குத் தண்ணிக் குழாய் வெடிச்சுப் போகும்” என்று அவர் ரெலிபோனில் சொன்னார். “நீங்கள் போய் இருங்கோ. வாடகை கீடகை வேண்டாம். சூட்டுக்கு எண்ணெய் மட்டும் அடிச்சுக்கொள்ளுங்கோ.”

பேரின்பநாதன் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு “பெரிய உதவி அண்ணை, பெரிய உதவி” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவர்களை இந்த நாட்டுக்கு எடுப்பிக்க வழி சொன்னவரும் அவர்தான். வந்த முதல் கிழமை சுவெற்றர் வாங்கித் தந்தவரும் அவர்தான். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை.

யோகராணி திருகோணமலை ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தவள். நாள் முழுக்கக் காதுக்குள் யாராவது கதைத்துக்கொண்டே இருப்பார்கள். முகம் தெரியாத எத்தனையோ பேரைக் குரலை வைத்தே அடையாளம் சொல்லுவாள். அவளுக்கு ஒரே ஒரு தம்பி, அருமைராசா. எண்பத்தைந்தில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகுதான் பேரின்பநாதன் வெளிநாடு என்று வெளிக்கிட்டான்.

பியர்பொன்ட்ஸில் முதல் கிழமை அவளுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. மூன்று வயது மகள் கிளி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஓடி ஓடிக் களைத்தாள். இரண்டாம் கிழமைதான் யோகராணி தெருவைக் கவனித்தாள்.

விடியும் முன்பே பேரின்பநாதன் வெளிக்கிட்டு ரொக்ஸ்போரோ ஸ்டேஷனுக்கு நடப்பான். பழைய ரெயின் ஒன்று மலைக்கு அடியில் சுரங்கத்துக்குள் புகுந்து அவனை நகரத்தின் நடுவே கொண்டுபோய் இறக்கும். அங்கே ஒரு ஹொட்டேல் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக் காராகப் பின்னுக்கு வந்து தெருவில் இறங்கிப் போகும். பிள்ளைகளை மஞ்சள் பஸ் ஏற்றிப் போகும். அதோடு சரி. பிறகு பின்னேரம் விளக்கு வைக்கும் நேரம்வரை அந்தத் தெருவில் ஒரு மனித சத்தம் கேட்காது. தபால்காரன் வந்தால் வருவான், இல்லையென்றால் இல்லை. கடைக்கு நடக்க முடியாது. பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது.

ஊரடங்குச் சட்டம் போட்ட தெருக்களை யோகராணி பார்த்திருக்கிறாள். அங்கே குறைந்தது ஜன்னல் இடுக்குகளில் கண்கள் இருக்கும். யாரோ இருமுவார்கள், எங்கோ ஒரு குழந்தை அழும். இங்கே வீடு வீடாகப் பூட்டிக் கிடந்தது. எதிர் வீட்டின் மேல் ஜன்னலில் மட்டும் சில நாட்களில் திரைச்சீலை அசையும். யார் என்று பார்ப்பதற்குள் மூடிவிடும்.

மார்கழி பிறக்கும் முன்பே குளிர் இறுக்கியது. பேரின்பநாதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நின்று வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் உள்பக்கமாகப் பிளாஸ்ரிக் ஒட்டினான். கூட வேலை செய்யும் ஆள் சொல்லிக்கொடுத்த வித்தை அது. சுற்றிவரப் பசை நாடா, மேலே மெல்லிய பிளாஸ்ரிக், பிறகு தலைமயிர் காய வைக்கும் மெஷினால் சூடு பிடித்தால் பறைத்தோல் மாதிரி இழுபட்டு நிற்கும். கதவின் அடிக்குப் பழைய துவாய் சுருட்டி வைத்தான்.

“இனி ஒரு பொட்டுக் காத்தும் உள்ளை வராது” என்றான். “நாங்கள் இரவிலை சூட்டைக் குறைச்சுப்போட்டு, போர்த்துக்கொண்டு படுப்பம். பகலிலை நீரும் பிள்ளையும் வீட்டிலை நிக்கிறபடியால் கூட்டி வையும். எண்ணெயைப் பற்றி யோசிக்காதையும்.”

அன்பாகச் சொன்னதுதான். அவளும் அன்பாகவே எடுத்துக்கொண்டாள். பேஸ்மென்டில் இருந்த ஃபேர்னஸ் ஒரு பழைய இரும்புப் பூதம். எண்ணெயை எரித்துக் காற்றைச் சூடாக்கி மேலே அனுப்பும். தரையில் ஆங்காங்கே பதித்திருந்த கம்பித் தட்டிகளின் வழியே அந்தச் சூடு வரும். குசினிக்குப் பக்கத்தில் இருந்த தட்டிதான் நல்ல கணகணப்பு. அதன் அருகே ஒரு பாயைப் போட்டுக் கிளியை விளையாட விட்டாள். மெல்லிதாக மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. குளிர் நாட்டு வீடுகள் இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

காற்று பலமாக வீசும் நாட்களில் ஜன்னல் பிளாஸ்ரிக் உள்ளே உப்பும், பிறகு வற்றும். அவள் அதைப் பார்க்காமல் இருக்கத் திரையை இழுத்து விட்டாள்.

தலையிடி எப்போது தொடங்கியது என்று அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் மத்தியானத்தில் மட்டும் வந்தது, நெற்றியில் துணியை முறுக்கிக் கட்டிய மாதிரி. பிறகு காலையிலேயே பிடித்துக்கொண்டது. அப்போது அவள் வயிற்றில் இரண்டாவது பிள்ளை. மசக்கைதான் என்று விட்டாள். கிளி ஓடுவதைக் குறைத்தாள். பாயில் இருந்தபடியே தூங்கிவிழுவாள். “பெரிய கரைச்சல் இல்லாத பிள்ளை, பகல் முழுக்க நித்திரை” என்று யோகராணி ரெலிபோனில் சிநேகிதியிடம் பெருமையாகக்கூடச் சொன்னாள்.

ஒருநாள் அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. பேஸ்மென்டுக்கு இறங்கும் கதவு திறந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். படியில் முதுகைக் காட்டியபடி அருமைராசா உட்கார்ந்து சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்தான். பிடரியில் அந்தச் சின்ன மச்சம்கூடத் தெரிந்தது. அவளுக்குப் பயமே வரவில்லை. “சாப்பிட்டிட்டுப் போவன்டா” என்றாள். பால் பொங்கி அடுப்பில் கொட்டிய சத்தத்தில் திடுக்கிட்டபோது படி வெறுமையாக இருந்தது. பயப்படவில்லையே என்று நினைத்த பிறகுதான் ஓடிப்போய் அந்தக் கதவைச் சாத்தினாள்.

அன்று பின்னேரம் பேரின்பநாதன் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, கீழை ஆரோ இருக்கினம்.”

“ஆர் இருக்கிறது? எலியாயிருக்கும்.”

“எலியில்லை. ராசா.”

பேரின்பநாதன் எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். நல்ல செந்தளிப்பாகத்தான் இருந்தது. கண்கள்தான் எங்கோ இருந்தன.

“ராணி, இரவிலை தம்பியை நினைச்சு அழுகிறீரோ?”

“இல்லை.”

“பின்னை ஏன் இப்படிக் கதைக்கிறீர்?”

அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் கறியை வைத்தாள்.

பொங்கல் கழிந்த கிழமை அவளுக்கு இரத்தம் படத் தொடங்கியது. தெருவில் ஒரு குருவி இல்லை. அம்புலன்ஸுக்குத் தானே அடித்துச் சொல்லிவிட்டு, கிளியை மடியில் வைத்தபடி வாசலில் இருந்தாள். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் வைத்திருந்தார்கள். கிளியைக் கோட் டெ நேஜ் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். மனம் உடைந்து கிடக்க வேண்டிய நாட்கள் அவை. ஆனால் அவளுக்குத் தலையிடி விட்டிருந்தது. பசித்தது. அழுதுகொண்டே அவர்கள் கொடுத்த பாணையும் சூப்பையும் மிச்சம் விடாமல் சாப்பிட்டாள். “ஆஸ்பத்திரியிலை எனக்குச் சுகமாயிருக்கு” என்று அவள் சொன்னபோது பேரின்பநாதன் தலையைக் குனிந்துகொண்டான். தன் வீட்டில் அவளுக்குச் சுகமில்லை என்று சொல்வதாகவே அவனுக்குப் பட்டது.

டொக்டர் அவளுடைய கதையைக் கேட்டார். தம்பி, ஆமி, அகதி, இப்போது இது. நிறையப் பேருக்கு இப்படி வருகிறது என்று சொல்லி நரம்புக்குக் குளிசை எழுதிக்கொடுத்தார்.

வீடு திரும்பிய இரண்டாம் நாளே தலையிடி வந்துவிட்டது.

அவளுக்கு அருளம்மா என்று ஒரு சிநேகிதி. மட்டக்களப்புக்காரி, லாசாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வாய் நிறையக் கதைப்பவள். ஒரு சனிக்கிழமை கறியெல்லாம் சமைத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி வந்தாள். வந்தவள் மத்தியானம்வரை சிரிக்கச் சிரிக்கக் கதைத்தாள். சாப்பிட்ட பிறகு சோபாவில் சாய்ந்தாள். எழும்பியபோது முகம் வெளிறியிருந்தது. குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

“என்ர கறியில பழுதில்ல புள்ள” என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. “உன்ர வீட்டுலதான் என்னமோ இருக்கு. நெஞ்சுக்குள்ள ஆரோ ஏறி இருந்த மாதிரிக் கிடக்கு. நீ இஞ்ச தனிய இருக்காத கா.”

பஸ் தரிப்புவரை அவளோடு நடந்தபோது யோகராணி படியில் தம்பியைக் கண்டதைச் சொன்னாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் அருளம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. “பாத்தியா, வெளிய வந்ததும் விட்டுட்டு” என்றாள். அடுத்த கிழமைக்குள் அவள் சொன்னது மொன்றியல் முழுக்கப் பரவிவிட்டது. பியர்பொன்ட்ஸ் வீட்டில் பேய் இருக்கிறதாம், செத்த தம்பி வருகிறானாம். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. பேரின்பநாதனுக்குக் கோபம் தலைக்கேறியது.

“அரி அண்ணை காதுக்குப் போனால் என்ன நினைப்பார்? விக்க வைச்ச வீடு. நாங்கள் இருந்த இடத்துக்கே பழி சொல்லுறமோ?”

“நான் வீட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே.”

“நீர் சொல்லாமல்தானோ அருளம்மா போய்ச் சொன்னது?”

மாசி மாதத்தில் ஒரு காலை. பேரின்பநாதன் போய்விட்டான். இரவு பெய்த பனி ஜன்னல் பாதிவரை ஏறிக் கிடந்தது. யோகராணி கிளியைச் சாப்பிட எழுப்பினாள். பிள்ளை எழும்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை துணிப் பொம்மை மாதிரிப் பின்னுக்குச் சாய்ந்தது. கன்னம் மட்டும் ரோசாப்பூ மாதிரிச் சிவந்திருந்தது. யோகராணிக்குக் கூப்பிட ஆளில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, போட்டிருந்த சட்டையோடு கதவைத் திறந்து வெளியே ஓடினாள். தெரு வெள்ளையாக, வெறுமையாகக் கிடந்தது. குளிர் இருவர் முகத்திலும் அறைந்தது. அவள் அங்கேயே வாசல்படியில் இருந்து பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கன்னத்தைத் தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் கிளி கண்ணைத் திறந்தாள். “அம்மா, குளிருது” என்றாள். பிறகு பால் கேட்டாள்.

அன்றைக்கு யோகராணிக்கு ஒன்று விளங்கியது. ஆஸ்பத்திரியில் சுகம். பஸ் தரிப்பில் அருளம்மாவுக்குச் சுகம். வாசல்படியில் பிள்ளைக்குச் சுகம். அது பேயோ, பிசாசோ, தன் மனமோ, எதுவென்றாலும் அது வீட்டுக்குள்தான் இருக்கிறது. வெளியே வருவதில்லை.

அடுத்த நாளிலிருந்து பேரின்பநாதனின் தலை மறைந்ததும் அவள் கிளிக்குப் பனி உடுப்பெல்லாம் மாட்டி வெளியே கொண்டுவந்துவிடுவாள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பார்கள். களைத்தால் படியில் இருப்பார்கள். விரல் மரத்துப்போனால் உள்ளே ஓடிக் கைகாலைச் சூடாக்கிவிட்டு, தலை கனக்கத் தொடங்கியதும் மறுபடி வெளியே வருவார்கள். எதிர் வீட்டுத் திரைச்சீலை இப்போது அடிக்கடி அசைந்தது.

பிள்ளையின் கன்னத்தில் குளிர் வெடிப்பைப் பார்த்துத்தான் பேரின்பநாதன் கேட்டான். அவள் மறைக்கவில்லை.

“இந்தக் குளிருக்குள்ளையோ? பகல் முழுக்கவோ?”

“உள்ளை இருந்தால் பிள்ளை செத்துப்போகும்.”

“ராணி!”

“உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இந்த வீட்டிலை இருக்கிறேல்லை. படுத்து எழும்பிப் போறியள், அவ்வளவுதான்.”

அவன் எழுந்துபோய் அரியரத்தினத்துக்கு ரெலிபோன் எடுத்தான். அவன் மெல்லக் கதைத்தாலும் அவளுக்குக் கேட்டது. அவள் காது அப்படிப் பழகிய காது. பிள்ளையை ஆரிடமாவது விடு, அவளைக் கொண்டுபோய் மன வைத்தியரிட்டைக் காட்டு, பிந்தினால் பிள்ளைக்கு ஏதும் செய்துபோடுவாள் என்று மறுமுனை சொல்லிக்கொண்டிருந்தது. பேரின்பநாதன் “ஓம் அண்ணை, ஓம் அண்ணை” என்றான்.

மறுநாள் காலை அவன் போன பிறகு பார்த்தால் கிளியின் பனி உடுப்பும் சப்பாத்தும் கொழுவியில் இல்லை. அலுமாரிகள், கட்டிலுக்கு அடி, குளியலறை எல்லாம் தேடினாள். அவன் எங்கோ ஒளித்துவிட்டோ, கையோடு கொண்டோ போய்விட்டான். யோகராணி நடு அறையில் நின்றாள். அன்று குளிர் கடுமை. கீழே ஃபேர்னஸ் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. கிளி பாயில் சரியத் தொடங்கினாள்.

அவள் கட்டிலில் கிடந்த பஞ்சுப் போர்வையை இழுத்துப் பிள்ளையைத் தலையோடு சுற்றினாள். தன் கோட்டையும் மேலே போட்டாள். கதவைத் திறந்து படியில் போய் இருந்தாள்.

இந்த முறை திரைச்சீலை மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் பொலிஸ் கார் ஒன்று சத்தமில்லாமல் வந்து வாசலில் நின்றது. இளம் பொலிஸ்காரன் ஒருவன் இறங்கினான். கூடவே பைலைக் கையில் பிடித்தபடி ஒரு பெண். பிள்ளைகள் நலனைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். பொலிஸைக் கண்டதும் யோகராணி பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

அவர்கள் பிரெஞ்சில் தொடங்கினார்கள். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எக்ஸ்சேஞ்சில் பழகிய ஆங்கிலம், திருத்தமாக வந்தது.

“பிள்ளைக்குக் குளிர்கிறது. உள்ளே போய்க் கதைப்போம்” என்றாள் அந்தப் பெண்.

“உள்ளே வேண்டாம்.”

“ஏன்? உள்ளே யார் இருக்கிறார்கள்?”

யோகராணி பொய் சொல்லப் பழகாதவள். “என் தம்பி” என்றாள்.

“எங்கே?”

“பேஸ்மென்டில்.”

பொலிஸ்காரனின் கை இடுப்புக்குப் போனது. அந்தப் பெண் கிளியை யோகராணியிடமிருந்து மெதுவாக, ஆனால் விடாப்பிடியாக வாங்கிக்கொண்டாள். யோகராணி விட்டுவிட்டாள். ஊரில் ஆமிக்காரர் தம்பியைக் கொண்டுபோனபோதும் அவள் இப்படித்தான் விட்டாள்.

மூவரும் உள்ளே போனார்கள். அந்தப் பெண் மேசை முன்னால் கதிரையில் இருந்துகொண்டு கோட்டைக் கழற்றினாள். பிள்ளையை மடியில் வைத்தபடி கேள்வி கேட்டாள். சாப்பாடு எப்போது கொடுத்தாய், கணவர் அடிப்பாரா, குளிசை எடுக்கிறாயா. நடுநடுவே தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பொலிஸ்காரன் பேஸ்மென்ட் கதவைத் திறந்து, “யார் அங்கே?” என்று பிரெஞ்சில் கூப்பிட்டுவிட்டு இறங்கினான். அவனுடைய சப்பாத்துச் சத்தம் கீழே இங்கும் அங்கும் போனது. பிறகு நின்றது.

அந்தப் பெண் எழுதுவதை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்தாள். யோகராணியும் பார்த்தாள். கீழே ஒரு சத்தமும் இல்லை, ஃபேர்னஸின் உறுமலைத் தவிர.

திடீரென்று படியில் தடதடவென்று விழுந்தெழும்பி ஏறும் சத்தம். பொலிஸ்காரன் கைபிடிச் சுவரைப் பற்றியபடி வந்தான். தொப்பி இல்லை. கண்கள் செருகியிருந்தன. “வெளியே!” என்று கத்தினான். “எல்லோரும் வெளியே! கதவைத் திற!” அந்தப் பெண் எழுந்தாள், தள்ளாடினாள். யோகராணி பிள்ளையைப் பறித்துக்கொண்டு முதலில் ஓடினாள். பனியில் முழங்கால் புதைய நின்று திரும்பிப் பார்த்தபோது, அந்தப் பெண் வாசல்படியில் குந்தியிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

தீயணைப்புப் படை வந்தது. முகமூடி போட்டவர்கள் உள்ளே போய் ஃபேர்னஸை நிறுத்தினார்கள். ஜன்னல் ஜன்னலாகப் பிளாஸ்ரிக்கைக் கிழித்து எறிந்தார்கள். ஃபேர்னஸின் இரும்புச் சுவர் உள்ளே வெடிப்பு விட்டிருந்ததாம். எரியும் எண்ணெயின் நச்சு வாயு சூட்டுக் காற்றோடு கலந்து தட்டிகளின் வழியே வீடு முழுக்க வந்துகொண்டிருந்ததாம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காபன் மொனொக்சைட் என்று ஒருவன் அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு கிளியைப் பார்த்து, மற்றவனிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு யோகராணி மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.

பேரின்பநாதன் ஹொட்டேல் உடுப்போடேயே ஆஸ்பத்திரிக்கு வந்தான். மூக்கில் பிராணவாயுக் குழாயோடு மகள் ஒரு கட்டிலில், மனைவி பக்கத்துக் கட்டிலில். டொக்டர் அவனிடமும் கேட்டார், உனக்குத் தலையிடி இருந்ததில்லையா என்று. காலையில் எழும்பும்போது இருக்கும், ஸ்டேஷனுக்கு நடக்க விட்டுவிடும், நித்திரை போதவில்லை என்று நினைத்தேன் என்றான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிப் போனது.

டொக்டர் போனார். பிறகு அவன் கேட்டான்.

“அப்ப, தையிலை போன பிள்ளையும்...”

“ஓம்” என்றாள் யோகராணி. “நீங்கள் வர முன்னம் டொக்டரிட்டைக் கேட்டனான். அவர் சொல்லுறார், அப்படித்தான் இருக்கும் எண்டு.”

அவன் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான். பிளாஸ்ரிக் ஒட்டிய கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. அவள் அவனைத் தேற்றவில்லை. தேற்ற அவளிடம் அன்றைக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் கையை நீட்டி அவன் தோளில் வைத்தாள்.

அந்த அலுவலகப் பெண் மறுநாள் பார்க்க வந்தாள். பைலை மூடிவிட்டதாகச் சொன்னாள். அகதிக் கேஸுக்கு ஒரு பாதிப்பும் வராது என்றும் சொன்னாள். கிளிக்கு நடை தடுமாற்றம் சித்திரை வரை இருந்தது. பிறகு சரியாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் பியர்பொன்ட்ஸுக்குப் போகவில்லை. அருளம்மா தன் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் ஒரு வீடு எடுத்துக்கொடுத்தாள். லாசால் அது, பகலிலும் சந்தடி. மேல் வீட்டுக்காரன் சண்டை பிடிப்பான், கீழ் வீட்டில் வானொலி அலறும். யோகராணி நிம்மதியாகத் தூங்கினாள். அருமைராசா அதற்குப் பிறகு வரவில்லை. அது நல்லதென்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் ஓம் என்றாள்.

அடுத்த மார்கழியில் அரியரத்தினம் ரெலிபோனில் பேரின்பநாதனிடம் பேச்சுவாக்கில் வீடு விற்றாகிவிட்டது என்று சொன்னார். யோகராணி ரிசீவரை வாங்கினாள்.

“அண்ணை, அந்த ஃபேர்னஸை மாத்தினீங்களோ?”

“ஆள் பிடிச்சுத் திருத்தியாச்சு. பாத்துத்தானே வாங்கியிருக்கினம்.”

“மாத்தேல்லையோ?”

“திருத்தியாச்சு எண்டு சொல்லுறன். விடும் பிள்ளை, அதை.”

அவள் விடவில்லை. பேரின்பநாதனிடம் சொல்லவும் இல்லை. ஒரு வேலைநாளில், அந்த வீட்டில் பகலில் இருக்கும் ஆளைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வேலைநாளில், புதிதாகச் சேர்ந்திருந்த வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள். தெரு அப்படியே இருந்தது. கதவைத் திறந்தவள் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், செலீன் என்று பெயர். இடுப்பில் கைக்குழந்தை. உள்ளிருந்து வந்த சூட்டில் அதே மண்ணெண்ணெய் வாசம்.

யோகராணி வாசலில் நின்றபடியே ஃபேர்னஸைப் பற்றிச் சொன்னாள். செலீன் மரியாதையாகக் கேட்டாள். பழுது பார்த்த பத்திரம் இருக்கிறது மடாம், நன்றி, என்று கதவைச் சாத்தப் போனாள். யோகராணி கதவுக்கு இடையில் காலை வைத்தாள். அவள் வாழ்க்கையில் யாருடைய கதவுக்கும் அப்படிச் செய்ததில்லை.

“என் பிள்ளை ஒன்று இந்த வீட்டில் போனது” என்றாள். வெளியாளிடம் அதை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. “எண்ணெய்க் கம்பனிக்கு இப்போதே அடியுங்கள். அவர்கள் வரும்வரை நான் காலை எடுக்க மாட்டேன்.”

செலீன் கத்தினாள். குளிர் வீட்டுக்குள் ஏறியது, குழந்தை அழுதது. யோகராணி அசையவில்லை. கடைசியில், அவளை அனுப்புவதற்காகத்தான் என்றாலும், செலீன் ரெலிபோனை எடுத்தாள்.

பின்னேரம் ஆள் வந்தான். இறங்கிப் போனவன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கறுத்த கையோடு மேலே வந்தான். வெடிப்புக்கு மேல் ஏதோ பசையைப் பூசி விட்டிருக்கிறார்கள், அது மறுபடி விட்டுவிட்டது என்றான். குழந்தையை வெளியே கொண்டுபோகச் சொன்னான். செலீன் கோட்டைத் தேடக்கூட இல்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி யோகராணியைப் பார்த்தாள். யோகராணி தன் கோட்டைக் கழற்றிக் குழந்தையின் மேல் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து அரியரத்தினம் ரெலிபோன் எடுத்தார். வாங்கியவர்கள் வழக்குப் போடப் போகிறார்களாம். அவர் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. சோறு போட்ட கையைக் கடிச்சுப் போட்டியள், இனி என்ர வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்றார். பேரின்பநாதன் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டான்.

“ஓம் அண்ணை” என்றான் கடைசியில். “அவதான் போனவ. நான் போயிருக்கோணும்.”

ரிசீவரை வைத்துவிட்டு வந்து யோகராணியைச் சாப்பிடச் சொன்னான். அன்றைக்கு அவனே சமைத்திருந்தான்.